உயர்திணைக் கைகள், அஃறிணைக் காய்கள்

1

தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒரு பிரிவினையில் தொடங்குகிறது. மக்கள் என்று கருதப்படுவோர் உயர்திணை. அவரல்லாத பிற எல்லாம் அஃறிணை. அதே கிளவியாக்கத்தில் சற்றுத் தள்ளி இன்னொரு நூற்பா வருகிறது. எம்.ஏ. வகுப்பில் 'வழுவமைதி' என்று ஒரு வரி குறிப்பெடுத்துக்கொண்டு நாமெல்லாம் தாண்டிப் போன நூற்பா. சில சொற்கள் பொருளால் உயர்திணையாக இருந்தாலும் முடிபு கொள்ளும்போது அஃறிணையாகவே நடக்கும் என்று அது ஒரு பட்டியல் தருகிறது. குழவி, விருந்து, குழு, பெண்மை, அரசு, அடிமை என்று போகிறது அந்தப் பட்டியல். 'அரசு வந்தது.' 'அடிமை வந்தது.' ஆள்வதும் ஆளப்படுவதும் ஒரே வரிசையில் அஃறிணையாக நிற்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே வழியில் அங்கு வந்து சேரவில்லை. அரசு தன் முகத்தை ஒளித்துக்கொள்வதற்காக அஃறிணையாகிறது. அடிமை முகம் பறிக்கப்பட்டு அஃறிணையாக்கப்படுகிறது. உரையாசிரியர்கள் யாரும் இப்படிச் சொல்லவில்லை. இது என் வாசிப்பு.

இந்த நூற்பாவை நான் இழுத்து வருவது இலக்கணம் பேச அல்ல, பலகை ஆட்டங்களைப் பற்றிப் பேச. 'அட, ஆட்டம்தானப்பா, இதுல போய் என்ன அரசியல்?' என்று நண்பர்கள் கேட்கலாம். சினிமாவைப் பற்றி, விளம்பரத்தைப் பற்றி, பாடப்புத்தகத்தைப் பற்றி எழுதத் தொடங்கியபோதும் இதே கேள்விதான் வந்தது. ஆட்டம் என்பது பொழுதுபோக்கு, பொழுதுபோக்கு என்பது கருத்தியலுக்கு வெளியே இருப்பது என்ற பொதுப்புத்தி, நாம் கேள்வி கேட்காத இடங்களில்தான் அதிகாரம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது. கதையை வாசிப்பவர் பாத்திரத்தின் செயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தில் அப்படியில்லை. செயலை நம் கையே செய்கிறது. காயை எடுத்து வைப்பது நாம். ஆகவே ஆட்டத்தின் கருத்தியல் கண் வழியாக அல்ல, கை வழியாக உள்ளே போகிறது.

நான் கேட்க விரும்புவது ஒரே கேள்விதான். ஒரு பலகை ஆட்டத்தில் யாருக்குக் கை கொடுக்கப்படுகிறது, யார் காயாக்கப்படுகிறார்?

2

இங்கே நான் பேசுவது தாயம், பல்லாங்குழி போன்ற யார் செய்தது என்று தெரியாத ஆட்டங்களை அல்ல. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில், முதலில் ஜெர்மனியிலும் பிறகு அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும், தனிமனிதர்கள் உட்கார்ந்து வடிவமைத்துப் பெயர் போட்டு வெளியிடுகிற ஆட்டங்களை. அங்கே ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கு 1979 முதல் பரிசு தருகிறார்கள். இவற்றைச் செய்பவரை ஜெர்மன் மொழி 'ஆட்ட ஆசிரியர்' என்றே அழைக்கிறது. 1988இல் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தைக்கு வந்த ஆட்ட ஆசிரியர்கள் சிலர், பீர் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையொன்றில் ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள். பெட்டியின் மேல் ஆசிரியர் பெயர் போடாத பதிப்பாளருக்கு இனி ஆட்டம் தரமாட்டோம் என்பது அந்த உறுதிமொழி. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் எழுதி இருபது ஆண்டு கழித்து, இலக்கியத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆசிரியன் பிறந்தான்.

பெயர் வேண்டும் என்பது நியாயமான தொழிற்சங்கக் கோரிக்கை. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் பெயர் போட்டவர் பிரதிக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். இங்கேதான் ஒரு வழுக்கல் நடக்கிறது. ஆட்ட உலகத்தில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன: 'மெக்கானிக்ஸ்', 'தீம்'. முதலாவது விதிகளின் இயங்குமுறை: எப்போது பகடை உருட்டுவது, எதைக் கொடுத்து எதை வாங்குவது, எதற்குப் புள்ளி. இரண்டாவது அதன் மேல் போர்த்தும் கதை: தீவு, கோட்டை, சந்தை. இயங்குமுறை ஆசிரியருடையது, கதை பதிப்பாளர் மாற்றிக்கொள்ளக்கூடியது என்பது அங்கே நடைமுறை. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரெய்னர் க்னீசியாவின் 'ஷோட்டன் டோட்டன்' 1999இல் வந்தபோது ஸ்காட்லாந்துக் கிராமத்தார் எல்லைக் கல்லுக்காகப் போடும் சண்டை. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் சில சீட்டுகள் சேர்ந்து 'பேட்டில் லைன்' என்று வந்தபோது அது பண்டைய படைகளின் போர். ஆதார விதி ஒன்றுதான். அப்படியானால் கதை வெறும் உறை, விதிதான் சாரம், விதி வெறும் கணக்கு, கணக்குக்கு ஏது அரசியல்? இப்படிப் போகிறது வாதம்.

இந்தக் குரல் நமக்குக் கேட்டுப் பழகியதுதான். உருவமே கலை, உள்ளடக்கம் தற்செயல் என்று ஒரு முகாம். உள்ளடக்கம் முற்போக்காக இருந்தால் போதும், உருவம் பாத்திரம் மாதிரி என்று எதிர் முகாம். தமிழ் விமர்சனம் பல பத்தாண்டுகளை இதில் செலவழித்தது. இரண்டு முகாமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. உருவத்துக்கு அரசியல் கிடையாது என்று இருவருமே நம்பினார்கள். பலகை ஆட்டம் இந்த நம்பிக்கையை உடைத்துப் பார்க்க வசதியான இடம். ஏனென்றால் இங்கே உருவம் என்பதே விதி. விதி என்பது, யார் என்ன செய்யலாம், யாருக்கு என்ன செய்யப்படலாம் என்பதன் பட்டியல். அதைவிட அப்பட்டமான அரசியல் பிரதி வேறென்ன இருக்க முடியும்?

3

1995இல் கிளவுஸ் டொய்பர் என்ற பல்மருத்துவத் தொழில்நுட்பர் வடிவமைத்த 'கட்டான்' வெளிவந்தது; அந்த ஆண்டே பரிசும் பெற்றது. பத்தொன்பது அறுகோணத் துண்டுகளை அடுக்கினால் ஒரு தீவு. காடு மரம் தரும், வயல் தானியம் தரும், மேய்ச்சல் நிலம் கம்பளி தரும், களிமண் மேடு செங்கல் தரும், மலை தாது தரும். நடுவில் ஒரு பாலைவனம். பகடை விழுந்த எண்ணுக்கேற்ப விளைச்சல் வரும். அதைப் பண்டமாற்றுச் செய்து சாலை போட்டு, வீடு கட்டி, பத்துப் புள்ளி எடுத்தால் வெற்றி. யாரும் யாரையும் கொல்வதில்லை. யாரும் பாதியில் ஆட்டத்தை விட்டு வெளியேற்றப்படுவதில்லை. 'எனக்கு ரெண்டு செங்கல் குடு, நான் ஒரு ஆடு தரேன்' என்று பேசிப் பேசியே ஒரு மாலை போய்விடும். போரும் திவாலும் நிரம்பிய பழைய ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய நாகரிக மாற்றம் என்றார்கள். உண்மைதான்.

ஆனால் தீவில் ஏற்கெனவே யார் இருந்தார்கள்? யாருமில்லை. டொய்பரின் கற்பனைக்குத் தூண்டுதல் வைகிங்குகள் ஐஸ்லாந்தில் குடியேறியது என்பார்கள். ஐஸ்லாந்து ஏறத்தாழ ஆளில்லாத தீவாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஆனால் பிரதி ஆசிரியரின் தூண்டுதலோடு நின்றுவிடுவதில்லை. பாலைவனத்தில், எதுவும் விளையாத அந்த ஒரே துண்டில், ஆட்டம் தொடங்கும்போதே ஒரு காய் நிற்கிறது. அதன் பெயர் 'கொள்ளையன்'. அது யாருடையதும் அல்ல. ஏழு விழுந்தால் அதை எடுத்து அடுத்தவர் வயலில் வைக்கலாம். அங்கே விளைச்சல் நின்றுபோகும். நாம் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பே தீவில் இருந்த ஒரே ஆளுக்குக் கொள்ளையன் என்று பெயர். அவனுக்கென்று நகர்வு கிடையாது, நாம்தான் நகர்த்துகிறோம். 2015இல் பெட்டியின் ஆங்கிலப் பெயரிலிருந்து 'குடியேறிகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் 'கட்டான்' என்று ஆக்கினார்கள். கொள்ளையன் அங்கேயே நிற்கிறான்.

இன்னும் தெளிவான பிரதி 2002இல் வந்த ஆண்ட்ரியாஸ் ஸைஃபார்ட்டின் 'பியூர்ட்டோ ரிக்கோ'. ஆட்ட ரசிகர்களின் தரவரிசையில் பல காலம் உச்சியில் இருந்த ஆட்டம். வடிவமைப்பு நேர்த்தியானதுதான். ஒருவர் 'மேயர்' பாத்திரத்தை எடுத்தால் அந்தச் செயலை எல்லோரும் செய்யலாம், எடுத்தவருக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை. இப்படி அடுத்தவர் முறையிலும் எனக்கு வேலை இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமே இல்லை. நான் என் தோட்டத்தில் சோளம், அவுரி, கரும்பு, புகையிலை, காப்பி பயிரிடுகிறேன். கப்பலில் ஏற்றிப் பழைய உலகத்துக்கு அனுப்பினால் வெற்றிப் புள்ளி. ஆனால் தோட்டம் தானாக விளையாது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு வட்டம் இருக்கிறது. அதில் பழுப்பு நிற மரவில்லை ஒன்றை வைத்தால்தான் விளையும். இந்த வில்லைகளும் கப்பலில்தான் வருகின்றன. தீவின் கட்டடங்களில் காலியாக இருக்கும் வட்டங்களை எண்ணி அத்தனை வில்லைகளைக் கப்பலில் ஏற்றச் சொல்கிறது விதி. ஏற்றுவதற்கு வில்லை தீர்ந்துபோனால் ஆட்டமே முடிகிறது. விதிப்புத்தகம் இந்த வில்லைகளை 'குடியேறிகள்' என்கிறது.

நாங்கள் நாலு பேர் இதை ஆடியபோது மேசையில் ஒருவர்கூட 'குடியேறி' என்று சொல்லவில்லை. 'எனக்கு ரெண்டு ஆள் குறையுது.' 'கரும்புக்கு ஒரு ஆள் போடு.' 'காப்பியில இருக்கற ஆளைத் தூக்கிப் புகையிலையில வை.' யாரும் சொல்லிக் கொடுக்காமலே தமிழ் அந்த வில்லையை அடையாளம் கண்டுகொண்டது. பண்ணையாள், கூலியாள், ஆள்காரன் என்ற வரிசையைப் பார்த்த மொழி இது. ஸ்பெயினின் காலனியாக இருந்த பியூர்ட்டோ ரிக்கோவில் 1873இல்தான் அடிமை முறை ஒழிக்கப்பட்டது என்று தெரியாதவருக்கும் அந்தச் சொல் தெரிவித்துவிடுகிறது. இந்த ஆளுக்குக் கூலி கிடையாது. சாப்பாட்டுச் செலவு கிடையாது. அவன் ஓடிப்போவதில்லை, நோயில் விழுவதில்லை, பிள்ளை பெறுவதில்லை, இறப்பதில்லை. மேயர் முறை வரும்போதெல்லாம் எல்லாரையும் வாரி எடுத்து வேறு வட்டங்களில் வைக்கலாம். 'அடிமை வந்தது' என்ற இலக்கணத்தை அட்டையிலும் மரத்திலும் செய்தது போல் இருக்கிறது. ஆட்டக்காரரோ விதிப்புத்தகத்தில் 'நீங்கள்' என்று மரியாதையோடு அழைக்கப்படுகிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் யாரையும் கொல்லாத இந்த நாகரிகம் இலவசமாக வந்ததல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கைகளுக்கு இடையே வன்முறை இல்லை. ஏனென்றால் வன்முறை முழுக்கப் பலகையின் மேல் இறக்கி வைக்கப்பட்டுவிட்டது. கைகள் ஒன்றுக்கொன்று காட்டும் பண்பாட்டுக்கு விலை கொடுப்பது காய்கள்.

4

'சரி, படத்தை மாத்திட்டா போச்சு' என்பது வழக்கமான பதில். 2014இல் புரூனோ கத்தாலாவின் 'ஃபைவ் டிரைப்ஸ்' வெளிவந்தது. அராபியக் கதைகளின் சாயலில் அமைந்த அந்த ஆட்டத்தின் சந்தையில் விற்கும் பொருள்களில் ஒன்று 'அடிமை' என்ற சீட்டு. எதிர்ப்பு வந்தது. அடுத்த பதிப்பில் அடிமைச் சீட்டுகள் 'ஃபக்கீர்' சீட்டுகளாயின. விதி அப்படியே. சந்தையில் வாங்கு, காரியத்துக்குச் செலவழி, குப்பையில் போடு. யாரும் தீய எண்ணத்தில் செய்யவில்லை, நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் இப்போது துறவியை வாங்கிச் செலவழிக்கிறோம். படம் மாறியது, வினைமுற்று மாறவில்லை.

2022இல் 'பியூர்ட்டோ ரிக்கோ 1897' வந்தது. கதைக்காலத்தை ஸ்பெயின் அந்தத் தீவுக்குத் தன்னாட்சி வழங்கிய ஆண்டுக்கு நகர்த்தினார்கள். அடிமை முறை ஒழிந்து இருபத்துநாலு ஆண்டு ஆகிவிட்டதால் வில்லைகள் இப்போது 'தொழிலாளர்கள்'. அடுத்த ஆண்டு, 1898இல், அமெரிக்கப் படை அங்கே இறங்கியது. ஒரே ஓர் ஆண்டுச் சன்னல் வழியே குற்றமில்லாத ஒரு தோட்ட முதலாளியை வரலாற்றில் தேடிப் பிடித்திருக்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். தொழிலாளி என்று பெயர் வைத்த பிறகாவது அவனுக்குக் கூலி கொடுக்கச் சொல்கிறதா விதி? வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அவனுக்கு உண்டா? இல்லை. பெயரை மாற்றி உயர்திணை ஆக்கினாலும் முடிபு அஃறிணையாகவே இருக்கிறது.

விதியே பிரதி என்பதை இந்த ஆட்டங்களுக்கு எதிர்த் திசையிலிருந்து காட்டியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் பிரெண்டா ரொமேரோ. 2009இல் அவர் செய்த 'டிரெய்ன்' ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள ஆட்டம். ரயில் பெட்டிகளில் மஞ்சள் நிற மரக்காய்களை அடைத்துச் சேருமிடம் கொண்டுபோக வேண்டும். ஆட்டக்காரர்கள் வழக்கம்போல் திறமையாக, இடம் வீணாகாமல் அடைக்கிறார்கள். ஊர் வந்ததும் சீட்டைத் திருப்பினால் 'ஆஷ்விட்ஸ்' என்று இருக்கிறது. விதிகளில் வேண்டுமென்றே இடைவெளிகள் விடப்பட்டிருக்கின்றன. ஆகவே தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தப் பார்க்கலாம், தடம் புரள வைக்கலாம். விதி இப்படித்தான் சொன்னது என்று தப்பித்துக்கொள்ள முடியாது. நீ ஏன் கீழ்ப்படிந்தாய் என்பதே அந்த ஆட்டம் கேட்கும் கேள்வி.

5

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, ஒருவர் எழுதி வைத்த ஒழுங்கு. இன்னொன்று, தலையெழுத்து. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் அரசியலின் இடம் என்று நினைக்கிறேன். எழுதியவரை மறந்துவிட்டால் முதல் விதி இரண்டாம் விதியாகிவிடும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தைப் பாருங்கள். ஆட்டக்காரருக்கு அதில் தேர்வு என்று ஒன்றுமே இல்லை. உருட்டு, போ, ஏறு, இறங்கு. பாம்பு கடித்தால் கடித்ததுதான். முன்வினையும் அருளும் என்ற கோட்பாட்டை இதைவிடத் துல்லியமாக எந்த உரையும் சொல்லவில்லை. அங்கே காய் நகர்வதற்கு நம் கை வெறும் கருவி. உண்மையில் நாமே காய். இந்த வகை ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போனபோது விக்டோரிய ஒழுக்கப் படங்களைப் போட்டுக்கொண்டது. கர்மா போய், சிக்கனமும் உழைப்பும் ஏணிகளாயின. விதி மாறவில்லை.

எதிர்த் திசையில் ஒரு பெண் முயன்றார். எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு 1904 ஜனவரி 5 அன்று 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற ஆட்டத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. நிலத்தின் மதிப்பைச் சமூகம்தான் உண்டாக்குகிறது, அதன் பலன் சமூகத்துக்கே சேர வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரத்தில் நம்பிக்கை கொண்டவர் மேகி. அவருடைய பலகையின் ஒரு மூலையில், பூமித்தாயின் மேல் உழைத்தால் கூலி என்ற கருத்து எழுதியிருக்கும். இன்னொரு மூலையில் ஒரு பிரபுவின் நிலம், அத்துமீறினால் சிறை. அவர் இதற்கு இரண்டு விதித் தொகுப்புகளை உருவாக்கினார். ஒன்றின்படி ஆடினால் நிலத்தை வளைத்துப் போட்டவர் மற்ற எல்லாரையும் ஓட்டாண்டியாக்குவார். இன்னொன்றின்படி நில வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும். மிகக் குறைவாக வைத்திருப்பவரின் பணம் இரட்டிப்பானால் எல்லோருக்கும் வெற்றி. ஒரே பலகை, அதே காய்கள், வேறு விதி, வேறு சமூகம். இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்ப்பவர், வறுமை தலையெழுத்தல்ல, யாரோ எழுதிய எழுத்து என்பதைக் கையால் அறிந்துகொள்வார். என்னைப் பொறுத்தவரை ஆட்ட வரலாற்றின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான்.

பிறகு நடந்தது என்ன? ஆட்டம் கை மாறிக் கை மாறிப் பரவியது. சார்ல்ஸ் டாரோ என்பவர் அதன் ஒரு வடிவத்தைத் தன்னுடையது என்று பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். 1935இல் மேகியின் காப்புரிமையையும் அந்த நிறுவனம் 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு கிடையாது. 'மோனோபலி' உலகமெங்கும் போனது. இரண்டில் ஒரு விதித் தொகுப்போடு மட்டும் போனது. நம் வீட்டுக் குழந்தைகள் பம்பாயையும் மெட்ராஸையும் வாங்கி விற்ற 'பிஸினஸ்' அதன் ஒரு கிளைதான். மேகியின் பெயர் பெட்டியில் இல்லை. 1970களில் 'ஆன்டி மோனோபலி' என்ற ஆட்டத்தைச் செய்து வழக்கில் மாட்டிக்கொண்ட ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர், தன் தரப்புக்குச் சான்று தேடப் போய்த்தான் இந்த வரலாறு மீண்டும் வெளியே வந்தது. பலரும் இதை ஒரு பெண்ணின் பெயர் திருடப்பட்ட கதையாகச் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் அதைவிடப் பெரிய திருட்டு இரண்டாம் விதித் தொகுப்பு. ஒப்பிட ஒன்று இல்லாமல் போனதும், மிச்சமிருந்த விதி தலையெழுத்தாகிவிட்டது. 'ஒருத்தன் ஜெயிச்சா மத்தவன் தோக்கத்தானே வேணும், அதுதானே ஆட்டம்?' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோமே, அந்த இயல்பு அங்கே உற்பத்தியானது.

6

இன்றைய ஆட்ட ஆசிரியர்களில் சிலர் காலனியத்தை விமர்சிக்கவே ஆட்டம் செய்கிறார்கள். கோல் வெர்லேயின் 'ஜான் கம்பெனி' (2017, திருத்திய பதிப்பு 2022) கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றியது. ஆட்டக்காரர்கள் ஆங்கிலேயக் குடும்பங்கள். தம்பி மகனைக் கம்பெனி வேலைக்கு அனுப்பி, பதவிக்குப் பேரம் பேசி, ஓய்வு பெறும்போது சீமையில் மாளிகையும் கௌரவமும் வாங்கினால் புள்ளி. கம்பெனி திவாலானாலும் என் குடும்பம் பிழைத்தால் சரி. பேரரசு என்பது பெருங்கனவு அல்ல, சில்லறை ஆசைகளின் கூட்டுத்தொகை என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இப்படிக் காட்டியதில்லை. 'அரசு வந்தது' என்ற அஃறிணைக்குப் பின்னால் ஒளிந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மேசைக்கு இழுத்து வருகிறது இந்த ஆட்டம். அதற்காக நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் ஒரு முறை எனக்கு மதராஸ் ராஜதானியின் பிரசிடெண்ட் பதவி வந்து சேர்ந்தது. பலகையில் மதராஸ் ஒரு கட்டம். அங்கே உள்ளவர்களுக்குக் கை இல்லை. இந்தியாவில் நடக்கும் போரும் கிளர்ச்சியும் சீட்டைத் திருப்பும்போது வருகின்றன. அடுத்த நெருக்கடி எங்கே என்று ஒரு யானைக் காய் காட்டுகிறது. 1801இன் பாளையக்காரர் போரும் 1806இன் வேலூர் எழுச்சியும் இந்த இலக்கணத்தில் கெட்ட வானிலை மாதிரிதான் வர முடியும். கொள்ளையடித்தவன் மனம் எப்படி வேலை செய்தது என்று காட்டவே ஆட்டம் அவன் நாற்காலியில் நம்மை உட்கார வைக்கிறது, அங்கிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று பதில் சொல்லலாம். ஏற்கத்தக்க பதில்தான். ஆனாலும் மதராஸ்காரன் ஒருவன் மதராஸைக் கட்டமாகப் பார்த்துப் பகடை உருட்டும்போது, விமர்சனத்துக்கும் பயிற்சிக்கும் இடையே உள்ள கோடு மெலிந்துபோகிறது.

ஆர். எரிக் ராய்ஸின் 'ஸ்பிரிட் ஐலண்ட்' (2017) கட்டானைத் தலைகீழாக்குகிறது. தீவைக் காக்கும் ஆவிகள் நாம். குடியேறிகள்தான் இப்போது காய்கள். சீட்டு சொல்வதற்கேற்ப எந்திரம் போல வந்து, கட்டி, அழிக்கிறார்கள். வந்தேறிகளின் காய்கள் வெள்ளைப் பிளாஸ்டிக், தீவு மக்களின் காய்கள் மரம். நேர்த்தியான தலைகீழாக்கம். ஆனால் அந்தத் 'தஹான்' மக்களும் காய்களே. அவர்களை நகர்த்துவது ஆவிகள். எதிரிக்கு எதிராகத் தெய்வத்துக்குக் கை முளைத்தது, மனிதருக்கு முளைக்கவில்லை. பழங்குடியைப் பாதுகாக்கப் புறப்பட்ட பல நல்ல மனிதர்களின் திட்டங்களும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

விதியையே தொட்டவர்களும் உண்டு. கிரெக் லோரிங் ஆல்பிரைட் 2015இல் கட்டானுக்கு ஒரு மாற்று எழுதினார். அதில் தீவின் பூர்வகுடிகளாக ஓர் ஆட்டக்காரர் மேசையில் உட்காருகிறார், குடியேறிகளின் விதிகளிலிருந்து வேறான விதிகளோடு. ஆளில்லாத தீவு என்ற பொய் ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டதும் உடைகிறது. அவரும் டி. எல். சைமன்ஸும் சேர்ந்து செய்த 'பிளாக் பை பிளாக்' (2016) நகர எழுச்சியைப் பற்றியது. தொழிலாளர், மாணவர், கைதிகள், குடியிருப்போர் என்பவர்களே இங்கே கைகள். போலீஸ்தான் சீட்டின்படி நகரும் காய். இதில் ஒரு விஷமமான விதியும் இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் ரகசியச் சீட்டு ஒன்று. எல்லோரும் சேர்ந்து வெல்ல நினைப்பவரும் இருக்கலாம், எழுச்சியைத் தன் தலைமைக்குப் பயன்படுத்த நினைக்கும் முன்னணிப்படைக்காரரும் இருக்கலாம். தோழர் தோழரைக் காயாக்கும் வாய்ப்பை ஆட்டம் மறைக்கவில்லை.

7

இதையெல்லாம் தமிழில் ஏன் எழுத வேண்டும்? ஏனென்றால் நாமும் ஆட்டம் செய்கிறோம். பிரச்சாரத்துக்கு எளிது, குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று இயக்க நண்பர்கள் பரமபதப் பலகையை எடுத்துப் பாம்புக்குப் பதில் சாதி, ஊழல், குடி என்றும் ஏணிக்குப் பதில் கல்வி, ஒற்றுமை, சங்கம் என்றும் எழுதிவிடுகிறார்கள். உள்ளடக்கம் முற்போக்கு. விதி அதே முன்வினை. சாதி கடித்ததும் பகடை விழுந்த தற்செயல், சங்கம் தூக்கிவிட்டதும் பகடை விழுந்த தற்செயல். ஆடும் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? போராடலாம் என்றா? அதிர்ஷ்டம் வேண்டும் என்றா? ஃபக்கீர் சீட்டைப் பார்த்துச் சிரித்தோமே, இது அதேதான்.

ஆட்டம் செய்ய விரும்புகிறவர்கள் படம் வரைவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். மேசையில் யாருக்கு நாற்காலி? எதற்குப் புள்ளி? காய் மறுக்க முடியுமா? மூன்றாவதுதான் கடினமானது. உதாரணத்துக்கு ஒரு தோட்டத்து ஆட்டம் செய்கிறோம் என்று வையுங்கள். கூலி கொடுக்காத வட்டத்திலிருந்து ஆள் எழுந்து பக்கத்து வட்டத்து ஆளோடு போய்ச் சேர்ந்துகொள்ளலாம், மூன்று பேர் சேர்ந்தால் அவர்கள் சார்பில் ஒருவர் மேசையில் உட்காரலாம் என்று ஒரு விதி எழுதிப் பாருங்கள். ஆட்டத்தின் சமநிலை உடனே குலையும். முதல் பத்து சோதனையாட்டங்கள் நாசமாகும். எண்களை மாற்றி, சீட்டைக் கிழித்துத் திரும்ப எழுதி, மறுபடி ஆட வேண்டியிருக்கும். அந்தக் குலைவை எப்படித் தாங்குவது என்று யோசிப்பதுதான் வடிவமைப்பு. மறுக்காத காய்களை வைத்துச் சமநிலை கட்டுவது யாருக்கும் முடியும்.

இது பலகையோடு நிற்கிற விஷயமும் அல்ல. 'காய் நகர்த்துகிறார்' என்பதை அரசியலில் ஒரு பாராட்டாகவே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாநாட்டுக்கு 'ஆள் திரட்டு'கிறோம். துண்டறிக்கையில் 'மக்கள்' என்று உயர்திணையில் எழுதிவிட்டு, செயற்குழுவில் எத்தனை லாரி என்று அஃறிணையில் எண்ணுகிறோம். கூட்டத்துக்கு வந்தவர் 'எனக்கு இதுல உடன்பாடு இல்லீங்க' என்று எழுந்து நின்றால், அவருக்கென்று நம் விதிப்புத்தகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா? அது எழுதப்படாதவரை, பெட்டியின் மேல் எந்தப் படத்தை ஒட்டினாலும் உள்ளே இருப்பது பழைய ஆட்டம்தான்.